பக்கம் முடியும் இடம்

இசைத்தாளில் சுரக்கோடுகளின் உயரத்தைப் பன்னிரண்டு மில்லிமீட்டராக்கி, அச்சிட்ட தாளை நீட்டினாள் இளமதி. கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் இளமாறன் அதை மூக்கருகே கொண்டுபோனான்.

"இன்னும் பெருசாக்கு லா. கோடெல்லாம் ஒட்டிக்குது."

போன வாரம் ஏழு. முந்தாநாள் ஒன்பது. மூளைக்குள் இருக்கும் கட்டி பார்வையை அழுத்துகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கே அழைத்துப் போய்விடலாம் என்றும் சொன்னார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் எழுதிய இசையைச் சனிக்கிழமை சமூக மன்றத்தில் பதினெட்டுப் பேர் வாசிக்கவேண்டும். மென்பொருளில் ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே ஒழுங்குசெய்து வந்தவன் அவன். கண் மங்கியதும், வங்கியில் புரோகிராமராக இருக்கும் இளமதி அதற்கொரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஓர் எண்ணை மாற்றினால் எல்லாப் பக்கங்களும் மாறும். வாசிப்பவரின் கை ஓயும் இடம் பார்த்து அதுவே பக்கத்தை முடிக்கும். தாளைத் திருப்ப நேரம் வேண்டுமே.

இருபது என்று போட்டாள். பக்கத்துக்கு மூன்றே வரிகள் வந்தன.

"இப்ப தெளிவா இருக்கு," என்றான். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

இளமதி அதைத் திருத்தவில்லை. "சரிண்ணே," என்று கூடத்துக்குப் போனாள். செங்காங் வட்டாரத்து வானம் பிற்பகலிலேயே இருண்டிருந்தது.

எண்ணைப் பழையபடி ஏழாக்கி, வயலின்காரர்களுக்கான பக்கங்களை ஓட்டினாள். நான்காம் பக்கத்தில் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. அங்கே ஓய்வே இல்லை. எங்கே முடிக்கட்டும் என்று அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வரிகள் முன்னால் தானே முடித்து, மீண்டும் ஓட்டி, கடைசிப் பக்கம்வரை பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

விசிறிக் காற்றில் அவன் நெஞ்சின்மேல் கிடந்த தாள் அசைந்துகொண்டிருந்தது. நெஞ்சு அசையவில்லை.

தேக்கா சந்தைக்குப் போயிருந்த அண்ணி லீலா ஈரக் குடையோடு வந்தாள். கட்டிலருகே வெகுநேரம் நின்றாள்.

"எப்போ?"

"மூணே முக்கா இருக்கும், அண்ணி."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்," என்றாள் இளமதி.

லீலா தலையசைத்தாள். பிறகு, வாங்கிவந்த கீரையையும் இளநீரையும் எடுத்துவைக்கச் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவை மூடச் சொல்லி அது பீப் பீப்பென்று ஒலிக்கத் தொடங்கியது. இருவரும் அசையவில்லை.