பதினான்கு வோல்ட்

1998 மார்ச் 23, திங்கட்கிழமை. விடியற்காலை முதல் பாலைவனப் புழுதிக்காற்று வீசியது. எகிப்தின் ஃபையூம் நகரின் வானம் மஞ்சளாகக் கலங்கியிருந்தது.

நண்பகலை ஒட்டி, நில அளவையாளர் மெத்வல்லியின் கார் என் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. அது 1964ஆம் ஆண்டின் வண்டி. மூன்று வாரங்களுக்கு முன், இருட்டிய பிறகு விளக்கின்றிச் சென்ற அதன் பின்புறத்தில் கரும்பு லாரி ஒன்று மோதியதில் மெத்வல்லி இறந்தார். வண்டியின் பின்பாதி நசுங்கிப்போயிருந்தது. முன்பாதியிலோ கீறல்கூட இல்லை.

அவருடைய மனைவி இன்ஸாஃபும் தம்பி ராகிபும் உடன் வந்திருந்தனர்.

"உஸ்தா, அவரு விளக்கை அணைச்சிட்டு ஓட்டுற ஆளு இல்ல," என்றார் இன்ஸாஃப்; மெக்கானிக்கை இங்கே உஸ்தா என்றுதான் அழைப்பார்கள். "டைனமோ செத்துருக்கணும், லைட்டு தானா அணைஞ்சிருக்கணும். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"ஸ்விட்சே போடலன்னு போலீஸ்காரங்க சொல்லிட்டாங்களே அண்ணி," என்றான் ராகிப். "பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு இருட்டுல ஓட்டுற கிறுக்கனுங்க இந்த ஊர்ல கொஞ்சமா?"

"பார்த்தீங்களா? இதையேதான் தினமும் என் பொண்ணு முன்னாடியும் சொல்றான். உங்கப்பன் முட்டாள்தனத்தால செத்தான்னு. அவ சோறு தொட்டு நாலு நாளாச்சு."

அவர்கள் அறியாத ஒன்றை நான் அறிந்திருந்தேன்.

வண்டியில் மின்சாரத்தை உண்டாக்குவது டைனமோ; அதைச் சேமிப்பது பேட்டரி. டைனமோ வேலை செய்யாதபோது ஒரு சிவப்பு விளக்கு எரியும். விபத்து நடந்த நாளின் மாலையில், நிற்கும் இடங்களிலெல்லாம் அவ்விளக்கு எரிகிறதென்று மெத்வல்லி என்னிடம் வந்திருந்தார். எங்கள் தெருவின் வழக்கப்படி, ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றினேன்; டைனமோ நன்றாயிருந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்றது.

"டைனமோ போயிடுச்சு. வேற டைனமோ வியாழக்கிழமை வரும். அதுவரைக்கும் லைட்டைத் தொடாதீங்க, பேட்டரி தீர்ந்துடும்," என்றேன்.

"எதிர்ல வண்டி வந்தா லைட்டை ஒரு தடவை அடிச்சுக் காட்டலாமா உஸ்தா?"

"எதிர்ல வந்தா மட்டும்."

லாரி பின்னாலிருந்து வந்தது. அன்று முதல், எந்த வண்டியில் வயரைக் கழற்றினாலும் இன்ஜின் அடங்கும் ஓசைக்குள் அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது.

வேறு பேட்டரியை வைத்துச் சாவியைத் திருகினேன். இறந்தவரின் இன்ஜின் முதல் சுழற்சியிலேயே உயிர்பெற்றது. மீட்டரில் பன்னிரண்டு வோல்ட், பேட்டரியுடையது மட்டும். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பொணத்துக்கு நாடி பார்க்கிறாரு உஸ்தா," என்று ராகிப் சிரித்தான்.

ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தினேன். முள் ஏறிப் பதினான்கில் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. முன்விளக்குகளைப் போட்டேன்; புழுதியில் இரண்டும் பளிச்சென்று எரிந்தன, முள் இறங்கவில்லை. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது மின்சாரம் தராதிருப்பது அவ்வகை டைனமோவின் இயல்பு. அன்று மெதுவாகச் சுற்றும்போதே வயரைக் கழற்றி, பழுதற்ற ஒன்றைச் செத்ததென்று சொல்லியிருக்கிறேன்.

என் விரல்கள் டைனமோவின் வயரைத் தொட்டன. அதை உருவிவிட்டால் முள் விழும். மெத்வல்லி முட்டாளல்லர் என்றாகும். நான் சொன்னதும் சரியென்றாகும். இன்ஜினுக்குள் அவர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார்.

"உயிரோட இருக்கா, செத்துருச்சா?" என்றார் இன்ஸாஃப்.

கையை எடுத்துக்கொண்டேன். "நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

அவர் அப்படியே மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லல?" என்றான் ராகிப்.

"நீ வாயை மூடு," என்றேன். "லைட்டைப் போடாதேன்னு சொன்னது நான். அன்னிக்கு இங்க வந்தாரு. டைனமோ போச்சுன்னேன். தப்பாப் பார்த்துட்டேன். ஒரு தடவையாவது அடிக்கலாமான்னு கேட்டாரு. எதிர்ல வந்தா மட்டும்னேன்."

ராகிப் என்னைப் பார்க்காமல் புழுதியைப் பார்த்தான்.

இன்ஸாஃப் மட்கார்டிலிருந்து கையை எடுத்தார். பின்பு, "அப்போ அவரு கேட்டிருக்காரு," என்றார். "கேட்டு, சொன்னபடி நடந்திருக்காரு."

"ஆமாம்மா."

"இதே வார்த்தையை என் பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே. அப்புறம் என் கண்ணுல படாதீங்க."

அவர் சன்னல் வழியாகக் கையை நுழைத்துச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. அதனுள் எந்தக் குரலும் இல்லை. அப்பொழுது மணி பன்னிரண்டு நாற்பத்து மூன்று.