குதிரை மருந்து

"காயடிக்கிறதுக்குக் குதிரையைப் படுக்கவைப்போமே, அந்த மாதிரி என்னையும் சாய்க்கப் போறாங்களா?" என்று மாரிட் கேட்டாள். பிஸ்மார்க் நகர ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில், என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு. இரண்டு மாதமாகச் சாப்பிடக்கூட வாயைத் திறக்காதவள் கிண்டல் பேசுகிறாளே என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் பயம்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கால்நடை மருத்துவர்கள். கல்லூரியிலிருந்தே சிநேகிதிகள், ஒரே கிளினிக்கைச் சேர்ந்து நடத்துகிறோம். கெட்டமின் என்றால் எங்களுக்குக் குதிரையைச் சாய்க்கிற மருந்து, அவ்வளவுதான். அதை மாரிட்டுக்கு ஏற்றலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அவ என்ன குதிரையா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் ஓடும், மூளை பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

டாக்டர் பொறுமைசாலி. அளவு வேறு, விஷயமும் வேறு என்றார். எந்த மாத்திரைக்கும் இறங்காத மனச்சோர்வு இதற்குச் சில மணி நேரத்தில் கொஞ்சம் இறங்கலாம், செத்துப்போக வேண்டும் என்ற எண்ணமும் தணியலாம், ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆகாது, ஆனவர்களுக்கும் அது தானாக நிலைத்து நிற்காது, ஆறு தடவை வர வேண்டும், பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். கடைசியில் சொன்னதை நாங்கள் இரண்டு பேருமே காதில் சரியாக வாங்கவில்லை.

இதெல்லாம் நவம்பரில் ஆரம்பித்தது. ஒரு மதியம் மாரிட் என் மேஜைக்கு வந்து, மருந்து அலமாரியின் சாவியை வைத்தாள். "இது என்கிட்ட இருக்க வேண்டாம்" என்றாள். மிருகங்களின் உயிரை எடுக்கிற மருந்தும் அந்த அலமாரியில்தான். எங்கள் தொழிலில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன், அவளையும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் சாகத் தோன்றுகிறது என்று மட்டும் அவள் வாய் சொல்லவே இல்லை. டாக்டர் கேட்டாலும் "அப்படி ஒண்ணும் இல்ல", நான் கேட்டாலும் "ஒண்ணும் இல்லடி". மாடு குதிரையோடு பழகிப் பழகி, எங்கே வலிக்கிறது என்று சொல்கிற வழக்கமே இவளுக்கு விட்டுப்போயிற்றோ என்று நினைத்துக்கொள்வேன்.

பிஸ்மார்க்கில் ஒரு சாய்வு நாற்காலி, போர்வை, கண்ணை மறைக்க ஒரு துணிப்பட்டை, கையில் ஊசி. கெயில் என்கிற நர்ஸ் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னை மூலையில் உட்காரவைத்து, "பேசாதீங்க, அவங்களைக் கேள்வி கேக்காதீங்க" என்றாள். நானா பேசாமல் இருப்பவள்! உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் ஆகி, மருந்து நின்றது. மாரிட்டின் கை காற்றில் எதையோ தேடியது. எங்கேயோ போனவள் திரும்பி வரும் வழி தெரியாமல் தவிக்கிறாள் என்று தோன்றியது. எனக்கு இந்த நேரம் தெரியும். குதிரை மயக்கம் தெளிகிற நேரத்தில்தான் அடிபடும். பாதி தெளிந்ததும் துள்ளி எழப் பார்க்கும், விழும், காலை ஒடித்துக்கொள்ளும். அதனால் கண்ணைத் துண்டால் மூடி, தலைப் பக்கம் உட்கார்ந்து, கழுத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்போம். அவசரப்படுத்த மாட்டோம்.

கெயிலைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். மாரிட்டின் கழுத்தோரம் கையை வைத்தேன். "இருடி, இரு. ஒண்ணும் அவசரம் இல்ல. நீயா எழுந்துக்கோ" என்றேன். அவள் கை இறங்கி என் முழங்கையைப் பிடித்தது.

திரும்பும்போது பாதி வழியில் கேட்டாள், "என்கிட்ட குதிரை பாஷைதானே பேசின?"

"ஆமா. நீ உதைக்கல. நல்ல ஜாதிக் குதிரை."

மறுநாள் காலை என் சமையலறையில் இரண்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். "வெர்னா, மண்டைக்குள்ள ஒரு ரேடியோ கத்திக்கிட்டே இருந்துச்சு. யாரோ சத்தத்தைக் குறைச்சுட்டாங்க" என்றாள். நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் திரும்பி நின்று அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலையைப் போல ஒரு காலை என் வாழ்க்கையில் வந்ததில்லை.

நான்கு தடவை போனோம். நான்காவதுக்குப் பிறகு மாரிட் சிரித்தாள், தூங்கினாள், தன் வீட்டுக்கே திரும்பிப் போனாள். அதோடு பசுக்கள் கன்று போடும் பருவம் ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கு ஆண்டு முழுவதற்குமான வேலை அந்த இரண்டு மாதத்தில் வந்து குவியும். மாரிட் மிச்சம் இரண்டு தடவையை ரத்து செய்துவிட்டு வந்து நின்றாள்.

"நல்லாத்தானே இருக்கேன். எழுந்து நின்ன குதிரைக்கு யாராவது மறுபடி ஊசி போடுவாங்களா?"

அதுதான் நாங்கள் செய்த தப்பு. வேறு யாராக இருந்தாலும் டாக்டர் சொன்னதைக் கேட்டிருப்பார்கள். எங்களுக்கோ முப்பது வருடப் பழக்கம்: எழுந்து நின்றுவிட்டால், வண்டியில் ஏற்று, அனுப்பு. நானும் தலையாட்டினேன். ஆனால் அலமாரிச் சாவியைக் கேட்டபோது மட்டும் மாட்டேன் என்றேன்.

"என்னை நம்பலையா?"

"உன்னை நம்பறேன். சாவியைத்தான் நம்பல."

மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். திரியட்டும் என்று விட்டேன்.

மார்ச்சில் ஒரு காலை. மாரிட் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஆரின் ஸ்காரின் கொட்டகையில் ஒரு பசுவுக்குள் என் கை தோள் வரை இருந்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று பின்னால் மடங்கிக் கிடந்தது. ஒரு மணி நேரம் போராடி அப்போதுதான் குளம்பைப் பிடித்திருந்தேன். ஆரின் ஒரு கிழட்டு வாயாடி. காபிக் கடையில் ஒரு சேதியை அவர் காதில் போட்டால் மதியத்துக்குள் மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எங்கள் ஊரின் வாயே அவர்தான்.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆரின் எடுத்துப் பார்த்து, "மாரிட் டாக்டர்" என்று சொல்லி, ஸ்பீக்கரை அழுத்தி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மாரிட், நான் ஒரு மாட்டுக்குள்ள இருக்கேன்டி. சொல்லு."

"ஓ. சரி. அப்புறம் பேசறேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சாவியை வைத்த அன்று கேட்ட குரல்.

"வைக்காத! என்ன ஆச்சு?"

"பக்கத்துல யாரு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "ஆரின்" என்றேன்.

வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். இந்த ஊரில் ஒருத்தர் மனசு சரியில்லை என்று தெரிந்தால், அவரிடம் யார் மாட்டைக் காட்டுவார்கள்? இந்தப் பயத்திலேயே இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது ஆரினுக்கு முன்னால் பேசுவாளா? கையை உருவினால் கன்றும் போகும், பசுவும் போகும். உருவாவிட்டால் என் மாரிட் போவாள். கையை உருவத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன்.

"வெர்னா." அழுகையில்லாமல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அது திரும்பி வந்துடுச்சு. நேத்துலேர்ந்து செத்துப்போகணும்னே தோணுது. எனக்குச் சாக இஷ்டமில்ல. தனியா இருக்கப் பயமா இருக்கு. யாராவது வாங்க."

நான் பதில் சொல்வதற்குள் ஆரின் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டாக்டரம்மா, நான் ஆரின். இவங்க கையை எடுக்க முடியாது. நான் பக்கத்துலதானே இருக்கேன், இதோ வர்றேன். போனை வைக்காதீங்க, பேசிக்கிட்டே வர்றேன். ஒரு காபி போடுங்க. ரெண்டு கரண்டி சர்க்கரை, என் பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம்."

என் போனையும் எடுத்துக்கொண்டே ஓடினார். எழுபது வயது மனிதர் பனியில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கன்றை வெளியே இழுத்தபோது எனக்கு நினைவெல்லாம் அங்கேதான். மூக்கைத் துடைத்தேன், நெஞ்சைத் தேய்த்தேன், அது தும்மியது. தாயிடம் தள்ளிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தேன்.

மாரிட்டின் சமையலறை மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் போர்வையைச் சுற்றியிருந்தாள், முகம் வெளுத்திருந்தது. ஆரின் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். பிஸ்மார்க்குக்கு அவளையே போன் போடவைத்திருக்கிறார். உடனே அழைத்து வாருங்கள், ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள் என்று கெயில் சொல்லியிருக்கிறாள்.

"இவர் ஏமாத்தி ஆடறார்" என்றாள் மாரிட். பிறகு என் கையைப் பார்த்தாள். "கன்னு?"

"ரெண்டும் பொழைச்சுடுச்சு."

"சரி" என்று கோட்டைத் தேடப் போனாள். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். திறந்தே வைத்தாள்.

நான் ஆரினின் சட்டையைப் பிடித்தேன். "இதைப் பத்திக் காபிக் கடையில ஒரு வார்த்தை வந்துச்சு, உங்க மாட்டுக்கு இனிமே நீங்கதான் டாக்டர்."

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"என் தம்பி இருந்தானே, லெஸ்டர். தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்ட அன்னிக்கு அவன் எனக்குப் போன் பண்ணலம்மா" என்றார். "நானும் அவன் வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரத்துலதான் இருந்தேன்."

நான் சட்டையை விட்டேன். மாரிட் கோட்டோடு வந்தாள். நான் மாரிட் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்று சொல்லி, ஆரின் என்னிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தோம். பிஸ்மார்க் வரும்வரை மாரிட் என் அழுக்குக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.