ஒரே ஒரு லினக்ஸ் பயணி

திருவானைக்காவலில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து மூன்று பேர் வீடியோ கேம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே மில் ஓடினால் மேலே மேசை நடுங்கும். மிளகாய் அரைக்கிற நாளில் மூவரும் மாறி மாறித் தும்முவார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பதால் கம்பெனிக்கு ‘ரெண்டாறு கேம்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

புரோகிராம் எழுதுவது கோதா. ஸ்ரீரங்கத்துப் பெண், பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். படம் வரைவது பாலக்கரை முஜிபுர் ரஹ்மான். கேமைச் சோதித்துப் பார்ப்பது, விளம்பரம் செய்வது, கரண்ட் போனால் ஈ.பி. ஆபீசுக்குப் போன் போடுவது என்று மீதி எல்லாமே லக்ஷ்மிகாந்தின் தலையில். மூவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு.

இரண்டு வருஷம் பாடுபட்டு அவர்கள் வெளியிட்ட முதல் கேமின் பெயர் ‘படியில நிக்காதீங்க’. விளையாடுகிறவர்தான் டவுன் பஸ் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் போய்த் திரும்ப வேண்டும். படியில் தொங்குகிறவர்களை உள்ளே அனுப்ப வேண்டும். தூங்குகிறவரை அவருடைய ஸ்டாப்பில் எழுப்ப வேண்டும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்களைச் சமாதானம் செய்ய வேண்டும். முஜிபுர் வரைந்திருந்த பயணிகளைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

இந்தக் கேமை விண்டோஸுக்குச் செய்ததோடு கோதா நிறுத்தவில்லை. அதையே லினக்ஸிலும் ஓடுகிற மாதிரி இன்னொரு வடிவம் செய்தாள். விண்டோஸ் வேண்டாம் என்கிறவர்களும், அது ஓடாத பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் போட்டுக்கொள்கிற இலவச சிஸ்டம் லினக்ஸ். கல்லூரி லேபில் அதில்தான் அவள் முதன்முதலாக புரோகிராம் எழுதினாள். அந்தப் பிரியம் விடவில்லை.

கேம் வெளியாகிப் பத்து நாள் ஆனது. விண்டோஸ்காரர்கள் சில நூறு பேர் வாங்கியிருந்தார்கள். லினக்ஸ் என்ற வரிசையில் ‘1’ என்று இருந்தது.

“ஒருத்தர்” என்றான் லக்ஷ்மிகாந்த். “ஒரே ஒருத்தர், கோதா. அவருக்காக ஒவ்வொரு தடவையும் நான் எல்லாத்தையும் ரெண்டு தரம் சோதிக்கறேன்.”

“ஒருத்தராவது வந்தாரே” என்றாள் கோதா.

அந்த ஒருத்தரிடமிருந்து அன்று மாலையே மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் கே. மயில். ‘வணக்கம். கேம் ரொம்ப நல்லா இருக்குங்க. ஒரு சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை ட்ரிப்பில் ஒரு பூக்கூடை மட்டும் தனியா மிதந்து வந்து சீட்டில் உட்காருது. கூடைக்காரம்மாவைக் காணோம். நான் அந்தக் கூடைக்கும் டிக்கெட் கொடுத்துட்டேன். சரிதானா?’

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பூக்காரம்மாவின் படத்துக்குப் பெயர் வைக்கும்போது முஜிபுர் ஓரிடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தைப் போட்டிருந்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் அங்கே அந்த அம்மாளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் கோதா அதைச் சரிசெய்தாள்.

அதன் பிறகு மயிலிடமிருந்து வாரத்துக்கு இரண்டு மெயிலாவது வந்தது. எந்த இடத்தில் என்ன தப்பு, அதற்கு முன்னால் எந்தப் பொத்தானை அழுத்தினோம், எத்தனை முறை முயன்றால் எத்தனை முறை அது மறுபடி வருகிறது என்று அத்தனையும் அதில் இருக்கும். “இந்த ஆள் சென்னையில பெரிய கம்பெனியில டெஸ்டிங் ஹெட்டா இருக்கணும்” என்றான் முஜிபுர். தாடி, தடிக் கண்ணாடி, கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஒரு மனிதரை வரைந்து, கீழே ‘மயில் சார்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினான்.

மூன்றாவது வாரம் ஒரு நல்ல சேதி வந்தது. கேம்களைத் தமிழில் பேசிக்கொண்டே நேரலையில் விளையாடிக் காட்டுகிற சென்னைப் பெண் ஒருத்தி உண்டு, மெஹ்ரீன் என்று. லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ‘படியில நிக்காதீங்க’ விளையாடப்போவதாக அவள் எழுதியிருந்தாள். லக்ஷ்மிகாந்த் கீழே ஓடிப்போய் மில்காரருக்கும் சேர்த்து ஜிலேபி வாங்கி வந்தான்.

ஜிலேபி தீர்வதற்குள் கெட்ட சேதியும் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் விளையாடினால் கேம் நொண்டுகிறது, பிறகு தானாகவே மூடிக்கொள்கிறது என்று விண்டோஸ்காரர்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். இவர்கள் ஆபீசில் எவ்வளவு விளையாடியும் அப்படி எதுவும் ஆகவில்லை. இவர்களுடைய கம்ப்யூட்டர்கள் புதியவை, சக்தி உள்ளவை. காரணம் பிடிபடவில்லை. வியாழன் போனது. வெள்ளியும் போனது.

சனிக்கிழமை காலை லக்ஷ்மிகாந்த் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கோதாவின் எதிரே உட்கார்ந்தான்.

“கோபப்படாம கேளு. நாளைக்கு மெஹ்ரீன் விளையாடறப்போ நடுவுல கேம் மூடிண்டா நம்ம கதை முடிஞ்சுது. கையில இருக்கறது ஒரே நாள். லினக்ஸை விட்டுடுவோம். அந்த ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டுடுவோம்.”

கோதா முஜிபுரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்கும் மனசில்லை. ஆனா காந்த் சொல்றது நியாயம்தான்” என்றான்.

கோதா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மெயில் எழுதினாள். ‘அன்புள்ள மயில் அவர்களுக்கு, நாங்கள் மூன்றே பேர். இனி லினக்ஸைக் கவனிக்க எங்களால் முடியாமல் போகிறது. நீங்கள் செய்த உதவிக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. மன்னியுங்கள்.’ அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

மதியம் ஒன்றரை மணிக்குப் பதில் வந்தது. மூவரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். கோதா சத்தமாகப் படித்தாள்.

‘பரவாயில்லைங்க. மூணு பேரா இருந்துக்கிட்டு இவ்வளவு செய்ததே பெரிசு. ஆனா நிறுத்துறதுக்கு முன்னாடி இதை மட்டும் பார்த்துடுங்க. என்னோட கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, மெமரி ரெண்டு ஜிபிதான். அதனால எது ஓடினாலும் மெமரி எவ்வளவு ஆகுதுன்னு ஓரத்தில் திறந்து வெச்சுப் பார்க்கிறது பழக்கம். உங்க பஸ்ஸில் ஆள் ஏறினா மெமரி ஏறுது. சரி. ஆள் இறங்கினா குறையணுமே, குறையலை. இருபது நிமிஷத்தில் நிரம்பி எனக்கு மூடிக்குது. பழைய மெஷின்தானேன்னு இத்தனை நாள் சொல்லலை. எனக்கு என்ன தோணுதுன்னா, இறங்கினவங்க யாரும் உண்மையில் இறங்கலைங்க. கண்ணுக்குத் தெரியாம வண்டியிலேயே உட்கார்ந்திருக்காங்க. மாம்பழச் சாலையில் இறங்குறவங்க மட்டும்தான் ஒழுங்கா இறங்குறாங்க. அங்க மட்டும் குறையுது. மூணு நாள் பார்த்துட்டேன்.’

“மாம்பழச் சாலை” என்றாள் கோதா மெதுவாக. “அதைத்தானே நான் முதல்ல எழுதினேன். மத்த ஸ்டாப் எல்லாம் அப்புறம் புதுசா எழுதினது.”

கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாம்பழச் சாலையில் ஒரு வரி இருந்தது. இறங்கிய பயணியைக் கேமிலிருந்தே அனுப்பிவிடுகிற வரி. மற்ற பதினேழு ஸ்டாப்புகளிலும் அந்த வரியே இல்லை. இத்தனை நாளும் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும், முகம் இல்லாமல், எடை மட்டும் உள்ளவர்களாக, உள்ளேயே இருந்திருக்கிறார்கள். புதிய கம்ப்யூட்டர்கள் அந்தக் கூட்டத்தை மணிக்கணக்கில் தாங்கின. சாதாரணக் கம்ப்யூட்டர்கள் முக்கால் மணி நேரத்தில் படுத்துவிட்டன.

“ஒரு வரியா!” என்று முஜிபுர் தலையில் அடித்துக்கொண்டான்.

நான்கு மணிக்குள் கோதா எல்லா ஸ்டாப்பிலும் அந்த வரியைச் சேர்த்தாள். பக்கத்துக் கடைக்காரரின் பழைய கம்ப்யூட்டரை இரவல் வாங்கி வந்து ஒன்றரை மணி நேரம் விளையாடினார்கள். மெமரி ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. கேம் நிற்கவே இல்லை. கீழே மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள். மூவரும் தும்மிக்கொண்டே கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

லக்ஷ்மிகாந்த்தான் முதலில் நின்றான். “கோதா, அந்த மெயிலை அனுப்பச் சொன்னது நான். நம்பர் கேட்டு வாங்கு. நானே பேசறேன்.”

மெயில் அனுப்பிய பத்தாவது நிமிஷம் நம்பர் வந்தது. லக்ஷ்மிகாந்த் ஸ்பீக்கரில் போட்டான்.

“ஹலோ, மயில் சாருங்களா?”

“மயில் நான்தாங்க. சார் இல்லை” என்றது ஒரு பெண் குரல். பின்னாலே எஞ்சின் சத்தம். “ஒரு நிமிஷம் இருங்க... உள்ள போங்கம்மா, உள்ள போங்க, அங்க அவ்வளவு இடம் இருக்கே! ...ம், சொல்லுங்க.”

லக்ஷ்மிகாந்த் விழித்தான். “மேடம், நீங்க இப்போ எங்க இருக்கீங்க?”

“வண்டியிலங்க. சமயபுரத்துல மினி பஸ். நான் கண்டக்டர், எங்க வீட்டுக்காரர் டிரைவர்.”

முஜிபுர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த தாடிக்காரர் படத்தைக் கிழித்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

“நீங்கதாங்க எங்களைக் காப்பாத்தினீங்க” என்றான் லக்ஷ்மிகாந்த். “இனிமே லினக்ஸை நிறுத்தறதா பேச்சே இல்லை. நான் சொன்னது தப்பு.”

“அட, விடுங்க” என்று அவள் சிரித்தாள். “இறங்காதவங்களை வெச்சுக்கிட்டு எந்தக் கண்டக்டராலயும் சும்மா இருக்க முடியாதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மெஹ்ரீன் ஒரு மணி நேரம் விளையாடுவதாகச் சொல்லி மூன்று மணி நேரம் விளையாடினாள். அம்மா மண்டபம் ஸ்டாப்பில் ஒரு மாமாவை எழுப்ப முடியாமல் நாலு தடவை தோற்று, ஐந்தாவது தடவை எழுப்பிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து ஆடினாள். கேம் ஒரு தடவை கூட நிற்கவில்லை. கேமின் முடிவில் கோதா சேர்த்திருந்த குறிப்பை அவள் படித்துக் காட்டினாள். பெரிய தப்பு ஒன்றைக் கண்டுபிடித்தவர் மயிலம்மாள், மினி பஸ் நடத்துநர், லினக்ஸில் விளையாடுகிற ஒரே ஆள் என்று. அதைக் கேட்டு எங்கெங்கிருந்தோ லினக்ஸ்காரர்கள் கிளம்பி வந்தார்கள். ‘அந்த அம்மாவைத் தனியா விடக்கூடாது’ என்று பின்லாந்திலிருந்து ஒருவர் எழுதினார். மாலைக்குள் அந்த வரிசையில் ‘1’ இருந்த இடத்தில் ‘614’ இருந்தது.

புதன்கிழமை மூவரும் சமயபுரம் போனார்கள். கடைத்தெரு முனையில் மஞ்சள் நிற மினி பஸ் நின்றது. தோளில் பை, கழுத்தில் விசில், காக்கிச் சட்டைக்குக் கீழே பச்சைச் சேலை. மயிலம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

“வாங்க, வாங்க! ஏறுங்க, நேரமாச்சு. பேசிக்கிட்டே போவோம்.”

அவள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள். சமயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஐந்து வருஷம் வேலை. அங்கே எல்லாம் லினக்ஸ். எல்லார் கையிலும் போன் வந்ததும் சென்டரை மூடிவிட்டார்கள். போகும்போது முதலாளி ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார். “அதுல விண்டோஸ் போட்டா மூச்சு வாங்கும்ங்க. லினக்ஸ் போட்டா பறக்கும். கேம்தான் ஒண்ணும் வராது. உங்களோடது மட்டும் வந்துச்சு, அதுவும் கண்டக்டர் கேம். யாரோ எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு.”

கோதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அப்புறம் தானே சிரித்தாள்.

“எங்ககூட வேலை பாருங்களேன். வீட்டுலேருந்தே பண்ணலாம், சம்பளத்தோட. கேம் வெளியில போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துட்டு ரைட் சொன்னா போதும்.”

மயிலம்மாள் இரண்டு ஸ்டாப்பில் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு வந்தாள். “செய்யறேங்க. ஆனா வண்டியை விட மாட்டேன். காலையில வண்டி, மதியத்துக்கு மேல உங்க வேலை. சரிங்களா?”

“சரி” என்று மூவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கடைசி ஸ்டாப் வாய்க்கால்மேடு. அங்கே பஸ் பத்து நிமிஷம் நிற்கும். கோதா லேப்டாப்பைத் திறந்து ஒரு சீட்டில் வைத்தாள். காத்திருந்த பயணிகள் ஒவ்வொருவராகச் சுற்றி நின்றார்கள். டிரைவர் சீட்டில் இருந்த மயிலம்மாளின் கணவர் மூக்கன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் பின்பக்கம் வந்தார்.

“ஒரு ட்ரிப் நானும் பாக்கறேனே” என்றார்.

“பன்னெண்டு வருஷமா ‘நீ என்ன, சும்மா நின்னுக்கிட்டுதானே வர்றே’ன்னு என்னைக் கேட்டாரு” என்றாள் மயிலம்மாள். “உக்காரட்டும், உக்காரட்டும்.”

மூக்கன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஸ்டாப்பிலேயே இரண்டு பேரை ஏற்ற மறந்தார். ஜன்னல் சீட்டுச் சண்டையில் நடுவே போய் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். காலேஜ் பெண்கள் இருவர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “அண்ணே, அந்தத் தாத்தா இறங்கணும், அண்ணே!” என்று கத்தினார்கள். தாத்தா இறங்குவதற்குள் அவர் விசில் கொடுத்துவிட்டார். தாத்தா பஸ்ஸுக்குள்ளேயே குடையை ஆட்டிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார்.

“ஐயோ, மயிலு, இப்ப என்ன பண்றது?”

மயிலம்மாள் பதில் சொல்கிற நிலையில் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பும் நேரம் தாண்டி ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. வாய்க்கால்மேட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.