அப்பாவின் கைகள்

அவர் பெயர் பெற்ற தன்னம்பிக்கைப் பேச்சாளர். மேடைக்கு மேடை அப்பாவின் கதையைச் சொல்லிச் சொல்லி, அது அவருக்கே புளித்துப்போயிருந்தது. எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட அத்துப்படி.

அன்று முன்வரிசையில் காது கேளாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேச்சைச் சைகையில் சொல்ல ஒரு பெண் மேடையோரம் நின்றாள். கூட்டத்தின் கவனம் அவள் பக்கம் போகிறதே என்று அவருக்கு உள்ளூர எரிச்சல்.

"எங்கப்பா மெக்கானிக். வீட்டுக்கு வந்தா கையைத் துடைச்சுட்டுத்தான் என்னைத் தூக்குவாரு" என்று சொல்லி, வழக்கமான கைதட்டலுக்கு இடம்விட்டார். தட்ட ஆளில்லை. எல்லார் கண்ணும் அவள் மேலிருந்தது. அவரும் திரும்பினார்.

அவள் உள்ளங்கைகளைச் சட்டையில் தேய்த்தாள். விரல்களைப் பார்த்தாள். கறை போகவில்லை போலும், மறுபடி தேய்த்தாள். பிறகு கை படாமல், முழங்கைகளால் இல்லாத ஒரு பிள்ளையை அணைத்துத் தூக்கினாள்.

அப்பா அப்படித்தான் தூக்குவார். அதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அவரே மறந்துவிட்டிருந்தார்.

மைக்கை இறக்கினார்.

"இன்னொரு தடவை காட்டும்மா."

குரல் தழுதழுத்தது. கதையில் அது தழுதழுக்கும் இடமே இல்லை.