வாசலோர மேசை

அமைச்சிலிருந்து கடிதம் வந்தபோது எங்கள் முதலாளி, தவுக்கே ஷெங், ஒரு குளியல் தொட்டிக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தார். வாடிக்கையாளருக்குத் தொட்டியின் நீளத்தை அவர் அப்படித்தான் காட்டுவார். சீனாவின் ஃபூஜியானிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஓடு மாதிரிகளோடு சிங்கப்பூருக்கு வந்தவர், இன்று மூன்று கடைக்கு முதலாளி, இந்நாட்டுக் குடிமகன். எங்கள் பேட்டையில் பாதிப் பேர் வீட்டுக் கழிப்பறை அவர் கைவண்ணம். குவெக் சியூ எங் ஆகிய நான் அவருடைய கடையை நடத்துகிறேன். அவர் வாயைக் கட்டி நடத்தத்தான் முடிந்ததில்லை. வெளிநாட்டார் நம் அரசியலில் மூக்கை நுழைக்காமல் தடுக்கும் சட்டத்தின்கீழ் அவர் பெயரைச் சேர்க்கப்போகிறார்கள், வெளிநாட்டுத் தொடர்புகளை இனி ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும், விளக்கம் சொல்வதானால் நேரில் வரலாம் என்று படித்துச் சொன்னேன். தொட்டியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு என் கை தேவைப்பட்டது.

எல்லாம் பட்டத்தால் வந்த வினை. அவர் ஊர்ச் சங்கங்களிலிருந்து யார் வந்தாலும் ஒரு விருந்து, ஒரு சிவப்புத் துண்டு, ஒரு 'ஆயுட்காலக் கௌரவத் தலைவர்' பலகை. வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகம் கெட்டுப்போகும் என்று எல்லாவற்றையும் வாங்கி, கழிவறைப் பீங்கான்களுக்கு மேலே வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். போன வருடம் அங்கே ஒரு மாநாட்டுக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"மைக் குடுத்தாங்க எங், பேப்பர் குடுத்தாங்க. வாசிச்சேன். செம கைதட்டு."

"பேப்பர்ல என்ன இருந்துச்சு?"

"கடல் கடந்து போன பிள்ளைங்க, இருக்கற நாட்டுல தாய்வீட்டுக்காகக் குரல் குடுக்கணும்னு..." பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

விளக்கம் சொல்லப் போய்விட்டு வந்தவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. "அந்த ஆபீசர் பொண்ணுக்கு என் மக வயசுதான். மரியாதையாத்தான் பேசுச்சு. 'அங்கிள், நாளைக்கு வேற யாராச்சும் பேப்பர் குடுத்தா அதையும் வாசிப்பீங்களா?'ன்னு ஒரே ஒரு கேள்வி எங்." அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை.

பெயர் பட்டியலில் ஏறியது. அடுத்த வாரமே சமூக மன்றச் செயலாளர் ரேமண்ட் தியோ கடைக்கு வந்து, வாங்கப்போகாத ஓடு ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இந்தப் புத்தாண்டு விருந்துல நீங்க நிம்மதியா உக்காந்து சாப்பிடுங்க. மேடைய நான் பாத்துக்கறேன்."

"எந்த மேசை?"

"வாசல் பக்கம். நல்லா காத்து வரும்."

தவுக்கே சிரித்தார். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பச்சை மீன், எண்ணெய், காய்கறித் துருவல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லித் தட்டில் சேர்த்து, சுற்றி நின்று, குச்சியால் உயர உயரத் தூக்கிப் போட்டு வாழ்த்துக் கத்துகிறோமே, அந்த வழக்கம் அவர் ஊரில் கிடையாது. வந்த புதிதில் தட்டு வந்ததுமே கரண்டியை விட்டவரை, மீன்கடை சூ அக்கா கையிலேயே ஒன்று போட்டாள். 'சாப்பாட்டைத் தூக்கி எறிஞ்சா எங்கம்மா முதுகுத்தோலை உரிச்சிருப்பா' என்று முனகினாராம். அதே மனிதர்தான் பிறகு ஒவ்வொரு வருடமும் நாற்காலிமேல் ஏறி நின்று வாழ்த்துச் சொன்னவர். அவர் குரல் கொடுக்காமல் பேட்டையில் ஒரு தட்டும் கலைந்ததில்லை. அதுவும் போனால் தான் இங்கே யார் என்ற பயம்தான் அவரைத் தின்றது.

சீனப் புத்தாண்டு விருந்தில் ரேமண்ட் மேடையேறி, கண்ணாடி மாட்டி, தாளைப் பிரித்தார். "மீன். வருடந்தோறும்... மிச்சம்... இருக்கட்டும்." மீன் போட்டோம். அடுத்த வாழ்த்தைக் காணோம், தாள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மன்றம் முழுக்க எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. ஒவ்வொரு தலையாக வாசல் பக்கம் திரும்பியது. தவுக்கே தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

"ஏய் ஷெங்! வாயில என்ன ஓடா பதிச்சிருக்க?" நடு மேசையிலிருந்து சூ அக்காவின் குரல். "கை வலிக்குதுடா!"

அவர் என்னைப் பார்த்தார். "எங், மறுபடி ஏதாச்சும் தப்பாயிடுமா?"

"இதை உங்களுக்கு யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறமென்ன, ஏறுங்க."

நாற்காலிமேல் ஏறினார். மைக் இல்லை. தொண்டையைக் கனைத்துவிட்டு, "எண்ணெய்! வழுக்கிக்கிட்டு வரட்டும் செல்வம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாசல் விளக்கே ஆடியதுபோல் இருந்தது. "ஹுவாட் ஆ!" என்று, செல்வம் பெருகட்டும் என்று, மன்றமே திருப்பிக் கத்தியது. மேடையில் ரேமண்ட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தார். கேரட் துருவல் பறந்து வந்து தவுக்கேயின் மூக்குக் கண்ணாடியில் தொங்கியது. அதைத் துடைக்காமலே அவர் அடுத்த வாழ்த்துக்கு மூச்சை இழுத்தார். கீழே பிளாஸ்டிக் நாற்காலி கிடுகிடுவென்று ஆடியது. அதன் கால்களை நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.