வெண்கட்டிச் சுரங்கத்துச் சைரன்

வசந்தமலருக்குக் குரல் இல்லை என்பது லண்டனில் சட்டன் பகுதித் தமிழர்களிடையே தெரிந்த விஷயம். கடையில் கறிவேப்பிலை கேட்டால் இரண்டாம் தரமும் கேட்கவேண்டும். அவள் வாடகைக்கு இருந்தது கனகாம்பிகை மாமி வீட்டு மேலறையில். "பிள்ளை வீட்டில நிக்குதோ இல்லையோ எண்டு செருப்பைப் பாத்துத்தான் நான் சொல்லுவன்" என்று மாமி வருகிறவர்களிடம் சொல்வார்.

ஆகவே தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு கோடையில், சாண்ட்விச் அடுக்கும் வேலையை விட்டுவிட்டு அவள் ஒரு பழைய சுரங்கத்தில் வழிகாட்டியாகப் போகிறாள் என்றதும் எல்லாருக்கும் நல்ல சிரிப்பு.

"அங்க என்ன இருக்கு, ஆக்கள் வந்து பாக்க?" என்று கேட்டார் யோகராஜா அண்ணை. சட்டன் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அவர். யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்காரர். எந்தக் கூட்டத்திலும் முதலில் கேட்பது அவருடைய குரல்தான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இருட்டு."

"அதுக்கு டிக்கெட்டோ? ஊரில கரண்ட் இல்லாமல் மாசக் கணக்கா சும்மா பாத்தனாங்களே!"

மாமி வயிறு குலுங்கச் சிரித்தார். வசந்தமலரும் சிரித்தாள், சத்தமில்லாமல்.

சுரங்கம் தென்கிழக்கு லண்டனின் ஓரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு குன்றின் கீழே இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வெண்கட்டி என்னும் மென்மையான வெள்ளைக் கல்லை வெட்டினார்கள், சுண்ணாம்பு சுடுவதற்கும் வயலுக்குப் போடுவதற்கும். வெட்டுவது நின்ற பிறகு ஒன்றையொன்று குறுக்கறுத்துக்கொண்டு நீளமான பாதைகள் மிஞ்சின. இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் சனம் குண்டுக்குப் பயந்து பாயும் தலையணையுமாக வந்து அந்தப் பாதைகளில் படுத்தது. இப்போது விளக்கைத் தூக்கிக்கொண்டு பார்க்க வருகிறார்கள்.

அந்த வேலையை அவள் ஏன் விரும்பினாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். முதல் நாள் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் ஈர வெண்கட்டியின் மணம் வந்தது. சுவரில் விரலை வைத்து எடுத்தாள். விரல் வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் அவள் வேலை செய்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் முடித்தவுடன் கிடைத்த வேலை. கல் வெட்டும் அகழியிலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லை இடித்துப் பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, அதில் எவ்வளவு சுண்ணம் என்று பார்க்கவேண்டும். பின்னேரம் வீட்டுக்குப் போனால் பின்னல் வெள்ளையாக இருக்கும். "மா இடிச்சுப்போட்டோ வாறாய்?" என்று அம்மா கேட்பார்.

மத்தியானத்தில் அகழியில் வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் சைரன் ஊதும், ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் நீளமாக. அது கேட்டதும் ஆய்வுகூடத்தில் எல்லாரும் கையிலிருந்ததை வைத்துவிடுவார்கள். முகட்டிலிருந்து தூசு கொட்டும் என்பதால் கண்ணாடி முகவைகளை மூடுவார்கள். தராசு நடுங்கும் என்பதால் யாரும் எதையும் நிறுக்கமாட்டார்கள். வெடிக்கும். கண்ணாடி எல்லாம் ஒருதரம் கிலுகிலுக்கும். பிறகு யாராவது தேத்தண்ணி ஊற்றுவார்கள். வெளியே ஊரில் ஆட்கள் கைமணிக்கூட்டைத் திருத்திக்கொள்வார்கள்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியபோது தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்ட வெடிகளுக்கு முன்னால் யாரும் சைரன் ஊதவில்லை.

சுரங்கத்தில் வேலை பழக்கியவர் ரெஜ். அறுபதை எட்டப்போகிற வெள்ளைக்காரர். சின்ன வயதில் யுத்தம் முடியும்வரை இதே சுரங்கத்தில் படுத்து எழும்பியவர். வயது வந்த மனிதரைப் பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நாக்கு வரவில்லை. 'சேர்' என்றாள். "இராணி எனக்கு அந்தப் பட்டம் இன்னும் தரவில்லை, மாலா" என்றார் அவர். மலர் என்பது அவர் வாயில் மாலாவாகிவிட்டது.

அவர் காட்டிய சுற்றின் உச்சம் இதுதான். சுரங்கத்தின் நடுவில் ஒரு அகலமான இடத்தில் வந்தவர்களை நிறுத்துவார். எல்லாருடைய விளக்கையும் வாங்கிக்கொண்டு வளைவுக்கு அப்பால் போய்விடுவார். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றான இருட்டு. அந்த வளைவில் ஒரு பழைய இரும்புத் தொட்டி தொங்கியது. அதில் கட்டையால் ஒரே ஒரு அடி. சத்தம் பாதைக்குப் பாதை ஓடி, சுவரில் மோதி, பெருத்துத் திரும்பி வரும். ஆட்கள் அலறுவார்கள். பிறகு சிரித்துக் கை தட்டுவார்கள்.

முதல் நாள் அவளும் அந்தக் கூட்டத்தோடு இருட்டில் நின்றாள். ரெஜ் விளக்கோடு திரும்பி வந்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வசந்தமலர் மட்டும் நிலத்தில் கிடந்தாள். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு. பொம்பர் விமானம் வந்தால் அப்படித்தான் படுக்கவேண்டும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"தடக்கி விழுந்துவிட்டாயா?" என்று கை கொடுத்தார் ரெஜ்.

"ஓம் சேர்" என்றாள். ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

மற்றவர்கள் போன பிறகு உண்மையைச் சொன்னாள், பாதிப் பாதியாக. ரெஜ் கவனமாகக் கேட்டார்.

"உங்கள் பங்கர் எவ்வளவு ஆழம்?"

"நான் எழும்பி நின்றால் தலை வெளியே தெரியும்."

அவர் மேலே பார்த்தார். அவர்களுக்கு மேலே ஒரு முழுக் குன்று இருந்தது. "இங்கே எங்களுக்கு ஒன்றுமே கேட்காது" என்றார். "விடிய மேலே ஏறிப் போய்த்தான் யார் வீடு நிற்கிறது என்று பார்ப்போம். கீழே பாட்டு, சீட்டாட்டம், ஆட்டம். சொன்னால் பாவம்தான், ஆனால் எனக்கு அதுபோல ஒரு காலம் பிறகு வரவில்லை." வளைவுப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "அடிப்பதற்கு நீ பழகிக்கொள்வாய். ஆனால் ஒன்று. முன்னுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் ருசி போய்விடும்."

அவள் பழகிக்கொண்டாள். அடிக்கிறவருக்கு அது வெறும் இரும்பு.

ஆகஸ்டில் ரெஜ் அவளைச் சோதிக்கவேண்டும். அவள் ஒரு குழுவை முன்னால் நின்று கூட்டிப்போவாள், அவர் பின்னால் நடந்து பார்ப்பார். சரி என்றால் வேலை அவளுடையது. இல்லையென்றால் திரும்பவும் சாண்ட்விச்.

"உன் ஆட்களே ஒரு பஸ் நிறைய வருகிறார்களாம்" என்றார் ரெஜ் சந்தோஷமாக. "அவர்களையே வைத்துப் பார்ப்போம்."

யோகராஜா அண்ணையின் வேலை அது. சங்கத்தின் கோடைச் சுற்றுலாவைக் கடற்கரையிலிருந்து சுரங்கத்துக்கு மாற்றிவிட்டார். "எங்கட பிள்ளை நிக்கிற இடம், போகாமல் விடுறதே!"

வசந்தமலர் ரெஜிடம் போனாள். "சேர், அந்தக் குழுவுக்கு மட்டும் அடிக்காமல் விடலாமா?"

"மாலா, எல்லாரும் அந்த ஒரு அடிக்காகத்தான் வருகிறார்கள். அதை விட்டால் பிறகு என்ன சுற்று?"

எல்லாரும் தன்னைப்போலத்தான் விழுவார்கள், அந்தக் கல்லுத் தரையில், பிள்ளைகளோடு, என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விளக்குகளைத் துடைக்கப் போனாள்.

சுற்றுலா நாள் காலையில் மாமி கட்லட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "மாமி, உள்ளுக்கு ஒரு சத்தம் வரும்" என்று தொடங்கினாள்.

"உன்ர சத்தம் வந்தால் காணும், பிள்ளை. உந்த மூடியை எடு."

உள்ளே போனதும் அவள் தமிழில் பேசினாள். ரெஜ் கடைசியில் ஒரு விளக்கோடு வந்தார், ஒன்றும் விளங்காமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு. தமிழில் பேசியதால் அவளுடைய குரல் முன்வரிசைக்காவது கேட்டது. சுவரில் கோடுபோல ஓடும் கறுத்தத் தீக்கற்களைக் காட்டினாள். உளி பட்ட தழும்பைக் காட்டினாள்.

"பின்னால கேக்கேல்லை!" என்றது ஒரு குரல்.

"அவ சொல்லுறது," என்று யோகராஜா அண்ணை உரத்து மொழிபெயர்த்தார், தமிழிலிருந்து தமிழுக்கு, "இது முழுக்க வெண்கட்டி. பள்ளிக்கூடத்தில வாத்தியார் எறிஞ்சதெல்லாம் இங்க இருந்து வந்ததுதான்."

யுத்தத்தில் சனம் படுத்த இடத்தைக் காட்டியபோது மாமி கட்டில் சட்டங்களைத் தடவிப் பார்த்தார். "வெள்ளைக்காரன்ர பங்கர் நல்ல வசதி. எங்கட பங்கருக்குள்ள பக்கத்து வீட்டுக் கனகசபையின்ர ஆடும் வந்து நிண்டது."

"ஆடு முதல், மாமி பிறகு" என்றார் யோகராஜா அண்ணை. "ஆட்டுக்கு மாமியைவிட நல்லாக் காது கேக்கும்."

சிரித்துக்கொண்டே அந்த அகலமான இடத்துக்கு வந்துவிட்டார்கள். வசந்தமலர் விளக்குகளை வாங்கினாள். ரெஜ் தன்னுடையதையும் கொடுத்துவிட்டு இருட்டில் அவர்களோடு நின்றுகொண்டார். அவள் வளைவைத் தாண்டினாள். விளக்குகளைச் சுவரோரம் வைத்துத் துணியால் மூடினாள். கட்டையைக் கையில் எடுத்தாள்.

அந்தப் பக்கம் முதலில் பகிடி கேட்டது. பிறகு மெல்லிய கதை. பிறகு மாமியின் "முருகா". ஒரு குழந்தை சிணுங்கியது. அதன்பின் ஒன்றுமில்லை. யோகராஜா அண்ணைகூடப் பேசவில்லை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவர் பேசாமல் நின்றதை அவள் கண்டதில்லை. அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம். மேலே எங்கோ ஒரு இரைச்சல் வருகிறதா என்று எல்லாரும் காது கொடுக்கிற மௌனம்.

அடிக்காமல் விட்டால் வேலை போகும். அடித்தால் விழுவார்கள். கட்டையை உயர்த்தினாள், இறக்கினாள்.

பிறகு தலையை நிமிர்த்தி, வாயைக் குவித்து ஊதினாள்.

"ஊஊஊ..."

முதலில் அது ஒரு நாய்க்குட்டியின் சத்தம்போல இருந்தது. அவள் வெட்கப்பட்டாள். ஆனால் சுரங்கம் அதை வாங்கிப் பெருக்கித் திருப்பித் தந்தது. மூச்சு எடுத்து இன்னும் உரத்து ஊதினாள், ஏறாமல், இறங்காமல், ஒரே சுருதியில், வயிற்றிலிருந்து. அவ்வளவு சத்தம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

வளைவுக்கு அப்பால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிறகு யோகராஜா அண்ணையின் குரல், நடுக்கத்தோடு: "சீமெந்துப் பக்டரி!"

"என்னடாப்பா?"

"மத்தியான வெடி! கல்லுடைக்கிற வெடி! பயப்பிடாதேங்கோ, பிள்ளையளின்ர காதைப் பொத்துங்கோ!"

"வைக்கப்போறாங்கள், வைக்கப்போறாங்கள்" என்று இன்னொரு குரல், கிட்டத்தட்டச் சந்தோஷமாக.

அவள் மூச்சு முடியும்வரை ஊதினாள். கொஞ்சம் விட்டாள், முகவைகளை மூட வேண்டிய அளவு நேரம். பிறகு அடித்தாள்.

விளக்குகளோடு அவள் திரும்பி வந்தபோது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாமி இரண்டு பிள்ளைகளின் தலைகளைச் சேலைக்குள் பொத்தி வைத்திருந்தார். அவருடைய கண் ஈரமாக இருந்தது. யோகராஜா அண்ணை இடது கையை முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றார். அந்த இருட்டில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"மத்தியான வெடி பிந்திப்போச்சு பிள்ளை" என்றார். சிரிக்கப் பார்த்தார், அது சரியாக வரவில்லை.

மேலே புல்வெளியில் கட்லட் பெட்டிகள் திறந்தன. ஒருவரும் இருட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. தொழிற்சாலை லொறிகளைப் பற்றிக் கதைத்தார்கள். வெடிக்குக் கூரை ஓட்டில் தூசு உதிர்வதையும், காயப்போட்ட வேட்டி நரைப்பதையும், சைரன் கேட்டுப் பால் குடிக்கிற பிள்ளை தொட்டிலில் எழும்புவதையும். காங்கேசன்துறையைக் கண்ணால் காணாத மாமிகூட, "எங்கட வீட்டுக்கும் கேக்கும், தெற்குக் காத்துக்கு மட்டும் கேளாது" என்றார். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி ஒருகாலம் மனு எழுதிக் கொடுத்தவர்கள்தான் அவர்களில் பலரும்.

ரெஜ் அவளை டிக்கெட் ஜன்னலுக்கு அருகே கூப்பிட்டார்.

"விதியை மீறிவிட்டாய்."

"ஓம்... யெஸ் சேர்."

"அது என்ன சத்தம்?"

சொன்னாள். இந்த முறை முழுவதும் சொன்னாள், எல்லாரும் விழுந்திருப்பார்கள் என்பதையும். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"எங்கள் காலத்திலும் ஒன்று அப்படி ஊதும், ஏறி இறங்காமல். ஆபத்து முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். வாசலில் நிற்கிறவர்கள் கேட்டுவிட்டு உள்ளே வந்து சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டால் அழுகை வரும். வீட்டுக்குப் போக விருப்பமில்லை." தொப்பியைத் திரும்பப் போட்டார். "இன்று பக்கத்தில் நின்ற கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரென்று தெரியாது. நான் விடவில்லை." டிக்கெட் ஜன்னலை மூடினார். "சரி. உன் ஆட்கள் வந்தால் ஊது. மற்றவர்களுக்கு வழக்கம்போல, சொல்லாமல் அடி."

தலையாட்டியிருந்தால் அங்கேயே வேலை கிடைத்திருக்கும். வசந்தமலர் தலையாட்டவில்லை.

"இல்லை சேர். வருகிற ஆட்களில் யார் எங்கே இருந்து வந்தவர் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாருக்கும் ஊதுவேன்."

அவள் சொன்னதை அவர் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. முதல் தரமே கேட்டிருந்தது. புல்வெளிப் பக்கம் பார்த்தார். அங்கே யோகராஜா அண்ணை யாருக்கோ சைரன் ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார், சுருதி தப்பி.

ரெஜ் சுவரிலிருந்த ஆணியில் தொங்கிய விளக்கை எடுத்து அவளிடம் கொடுத்தார். அது அவருடைய விளக்கு, கைப்பிடியில் பச்சைத் துணி சுற்றியது. "ஞாயிறு காலை முதல் குழு உன்னுடையது. தொண்டைக்குச் சூடாக ஏதாவது குடித்துவிட்டு வா."

பஸ்ஸில் மாமி தனக்குப் பக்கத்து சீட்டில் அவளை இருத்திக்கொண்டார். பிறகு பின்னால் திரும்பி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"இனி ஆரும் இந்தப் பிள்ளைக்குச் சத்தமில்லை எண்டு சொன்னால் என்னட்டை அனுப்புங்கோ. எனக்கு இப்பவும் காது அடைச்சுக் கிடக்கு."

வசந்தமலர் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் அவளுடைய முகம் தெரிந்தது. பின்னலின் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.