ஒற்று சாரின் கள்ளிப்பூ

அந்த மாத இதழில் பிழை திருத்துபவருக்கு அலுவலகத்தார் வைத்த பெயர் 'ஒற்று'. முகத்துக்கு நேரே மட்டும் 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். க், ச், த், ப் ஆகிய நான்கும் எங்கே வரும், எங்கே வராது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. உலகத்தில் வேறு எதிலுமே அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை என்பதுதான் வீட்டில் கொஞ்சம் சிரமம். மளிகைச் சீட்டை மனைவி எழுதிக் கொடுத்தால், சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கடைக்கே கிளம்புவார்.

ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் செடிக்கடையில் ஒரு கள்ளியைப் பார்த்தார். எலுமிச்சம்பழ அளவில் உருண்டை. உடம்பெல்லாம் வெள்ளை முள், உச்சந்தலையில் ஒரே ஒரு சிவப்புப் பூ. பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

கடைக்காரம்மா பையில் வைத்துக்கொண்டே, "சார், இந்தப் பூ வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்று மறித்தார். பலகையில் 'பூசெடிகள்' என்று 'ச்' இல்லாமல் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டி, ஏன் அங்கே ஒற்று மிகும் என்று விளக்கிவிட்டுக் கிளம்பினார்.

கள்ளி பால்கனிக்கு வந்தது. சொட்டு மருந்துக் குப்பியால் காலையில் ஆறு சொட்டு, மாலையில் ஆறு சொட்டுத் தண்ணீர். பூ ஒரு வாரம் இருந்தது. ஒரு மாதம் இருந்தது. ஐந்து மாதமாகியும் ஓர் இதழ்கூடச் சுருங்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் மனைவிக்கு இது உறுத்தியது. "எந்தப் பூவுங்க இத்தன நாள் நிக்கும்?"

"பராமரிப்பு" என்றார் ஒரே சொல்லில்.

அதோடு விட்டிருக்கலாம். 'ஒரு பூ, ஐந்து மாதம்' என்ற தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதினார். பன்னிரண்டு சொட்டுக் கணக்கு, செடியிடம் காட்ட வேண்டிய பொறுமை, இந்தக் காலத்து மனிதர்களிடம் அது இல்லாத கொடுமை எல்லாம் அதில் இருந்தன. இதழாசிரியர் மகிழ்ந்து, படத்தோடு போட்டார்.

புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி பால்கனியில் நின்று அதைப் படித்தாள். படித்துவிட்டுப் பூவைப் பார்த்தாள். அதன் மேல் தூசி படிந்திருந்தது. விரலால் தட்டினாள். காகிதம் போலச் சரசரத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினாள்.

"ஏங்க, இங்க வாங்க. உங்க கட்டுரை கையோட வந்துடுச்சு."

வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். அவள் உள்ளங்கையில் பூ. பூவின் அடியில் பட்டாணி அளவு பசைக் கட்டி.

"அது பிசினா இருக்கும். செடியே சுரந்திருக்கும்."

"செடி பசை சுரந்து, ஒரு காஞ்ச பூவத் தேடிப் புடிச்சு, தலையில ஒட்டிக்கிச்சா? எத்தனையோ பேரு ரத்தத்தப் பாத்திருக்கேன், இப்படி ஒரு ரிசல்ட்டப் பாத்ததில்லைங்க. இது பூ இல்ல. பிற்சேர்க்கை."

பல்லைத் துலக்கி முடித்தாரோ என்னவோ, சண்டை போடச் செடிக்கடைக்குப் போனார். பலகையில் 'பூச்செடிகள்' என்று பளபளவென்று புதிய பெயின்ட்டில் எழுதியிருந்தது.

"ஒட்டினதுதான் சார். மொத்தமா வாங்குற எடத்துலயிருந்தே அப்படித்தான் வருது. அன்னிக்கே சொல்ல வாயத் தொறந்தேன். நீங்க பாடம் எடுத்துட்டுப் போயிட்டீங்க."

ஒற்று அந்தப் பலகையை இன்னொரு முறை பார்த்தார். "சரிம்மா, அது நிஜமாவே பூக்கணும்னா என்ன செய்யணும்?" என்றார். வாழ்க்கையில் அவர் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அவள் சொன்னாள். மண்ணில் பாதிக்குப் பாதி பருமணல் கலக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்ந்தால்தான் தண்ணீர். ஊற்றினால் அடியில் வழிகிற அளவுக்கு ஊற்ற வேண்டும். குளிர்மாதங்களில் அதுவும் கிடையாது. மற்றபடி வெயிலில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். அவர் அப்படியே எழுதிக்கொண்டார், ஒரு சொல்லையும் திருத்தாமல்.

அதற்குள் வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. பன்னிரண்டு சொட்டு ஊற்றியவர்களுடைய கள்ளிகள் வரிசையாக அழுகிக்கொண்டிருந்தன. படத்திலிருந்த பூ பசை போட்டு ஒட்டியது என்று ஒரு செடி வியாபாரியும் எழுதியிருந்தார். 'சென்ற இதழில் வெளியான இதழ்களுக்கு வருந்துகிறோம்' என்று இதழாசிரியர் குறிப்பு எழுதி, மெய்ப்புப் பார்க்க அவரிடமே அனுப்பினார். ஒற்று நான்கு முறை படித்தார். பிழை எதுவும் கிடைக்கவில்லை.

குளிர்காலம் முடிந்தது. பசை இருந்த வழுக்கையைச் சுற்றி, ஒருநாள் ரோஜா நிறத்தில் புள்ளிகள் தெரிந்தன. பத்து நாளில் எட்டுப் பூக்கள், கிரீடம் வைத்த மாதிரி வட்டமாக. இதையும் அவர் வீட்டோடு வைத்திருக்கலாம். மானம் மீளட்டும் என்று தொட்டியை மடியில் ஏந்தி அலுவலகத்துக்கு எடுத்துப்போனார்.

பக்கம் வடிவமைக்கிற பெண்தான் முதலில் வந்தாள். "சூப்பர் சார், இந்தத் தடவ பசையே தெரியல" என்று சொல்லிக்கொண்டே ஒன்றைப் பிடித்து இழுத்தாள். "ஐயையோ, நிஜம் சார்!"

அந்தக் கத்தலில் அலுவலகமே கூடிவிட்டது. ஒருவர் சோதித்தால் மற்றவர் நம்புவதாக இல்லை. அவரவர் கைக்கு அவரவர் ஆதாரம் வேண்டியிருந்தது. "ஆமாய்யா, நிஜம்தான்" என்று பாராட்டிப் பாராட்டிப் பிய்த்தார்கள். ஒற்று தொட்டியை இழுத்து அணைத்துக்கொண்டதில் முள் குத்தியதுதான் மிச்சம்.

இதழாசிரியர் மாலை ஐந்தரைக்கு வந்தார். மீதிப் பூக்கள் அதற்குள் மூடிக்கொண்டிருந்தன.

"எங்கய்யா பூ?"

"சாயங்காலமானா மூடிக்கும் சார்."

"ஓ, மூடிக்குமா" என்று நோயாளியின் தோளைத் தட்டுவது போல இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி தொட்டியை எட்டிப் பார்த்தாள். "எட்டுப் பூ இருந்துச்சே, ரெண்டுதான் இருக்கு?"

"ஆறு பேரு நம்பிட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவர் விரல்களில் குத்தியிருந்த முட்களை ஊசியை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவரும் ஒன்றும் விளக்காமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுவாரம் அலுவலகத்தில் செடியைப் பற்றி விசாரித்தார்கள். "செத்துப்போச்சு" என்றார் ஒற்று.

எல்லோருக்கும் ஒரு பெரிய நிம்மதி. அன்று முழுக்க அவரிடம் அப்படி ஒரு கனிவு. இதழாசிரியர் தன் கையால் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். வடிவமைக்கிற பெண், "நான் பிச்சதாலயா சார்?" என்று கண் கலங்கினாள். "இருக்கலாம்மா" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

பால்கனியில் அடுத்த சுற்று மொட்டு வந்திருக்கிறது, பதினொன்று. பார்க்க மனைவிக்கு மட்டும் அனுமதி உண்டு, அதுவும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.